கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது

காலையில் பால் காய்ச்ச அடுப்படிக்குள் நுழைந்த பெரியவள், சுவிட்சைப் போடப் போன கையை அப்படியே நிறுத்தினாள். சுவிட்சுக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. மிக்ஸியின் பிளக்கில் இன்னொன்று. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் ஓரத்தில் ஒன்று, பாட்டில் மூடியைத் திறக்கிற கம்பியில் ஒன்று, கத்தியின் பிடியில் ஒன்று, கிரீச்சிடும் பின்கதவின் கீலில் ஒன்று. ஒவ்வொன்றிலும் இங்கிலீஷ் எழுத்துகள், மணிமணியாக, ஓரகத்தியின் கையெழுத்தில். பெரியவள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டினாள். எம், ஏ, ஜி... முடிப்பதற்குள், தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்த அவளுடைய மகள் அம்மாவைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, "மேக்னட்!" என்று கத்தினாள்.

"வெரிகுட்டுடி தங்கம்!" என்று குளியலறைக்குள்ளிருந்து சின்னவளின் குரல் வந்தது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த அடுப்படியில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவள் பெரியவள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு அவள் வந்து, பல வருஷம் கழித்துத்தான் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டுச் சின்னவள் வந்தாள். இப்போது அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அவள் புழங்குகிற சாமான்களுக்குப் பெயர் சூட்டு விழா நடத்தியிருக்கிறாள் மகராசி. கிழித்துப் போட்டுவிடலாம்தான். கிழித்தால் ஏன் கிழித்தாய் என்று யாராவது கேட்பார்கள். அதற்கான பதில் பெரியவளிடம் இருந்தது, ஆனால் வெளியே சொல்லும்படியான பதில் அல்ல. பாலை அடுப்பில் வைத்தாள்.

"பாத்தியா, வீட்டையே பள்ளிக்கூடமாக்கிட்டா," என்று சிரித்தபடி வந்தான் அவள் புருஷன். "சின்னவ கெட்டிக்காரிதான்."

"ஆமாங்க. கெட்டிக்காரி."

அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த டீயில் சர்க்கரை இல்லை. கேட்டதற்கு, மறந்துவிட்டதாகச் சொன்னாள்.

இரண்டு மருமகள்களும் ஒரே மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். தண்ணீர் இறைக்கிற சின்ன மோட்டார்கள். இரும்பு வளையத்தின் உள்பக்கம் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். அவற்றுக்குள் செம்புக் கம்பிச் சுருள்களைச் செருகி, கட்டைவிரலால் அழுத்தி, நூலால் இழுத்துக் கட்ட வேண்டும். காயில் கட்டுவது என்று பெயர். கேட்க லேசாகத்தான் இருக்கும். கம்பியை அதிகம் இழுத்தால் மேல்பூச்சு உரிந்து மோட்டார் புகைந்துவிடும், தளர்வாக விட்டால் மூடி மூடாது. பெரியவள் கட்டிய மோட்டார் திரும்பி வந்தது என்று அந்தக் கம்பெனியில் யாரும் சொன்னதில்லை. அதற்கு விலையாக அவளுடைய வலது கட்டைவிரல் மூட்டு பாக்கு போல வீங்கிப் போயிருந்தது. காலையில் எழுந்ததும் அதைச் சுடுதண்ணீரில் முக்கி எடுக்காமல் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது.

சின்னவளைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவள்தான். சூப்பர்வைசரிடம் "என் தங்கச்சி மாதிரி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கூட்டிப்போய், பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக் கம்பியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். சின்னவளுக்கு அந்த வேலை ஓரளவுக்குத்தான் வந்தது. அவள் கட்டியது அவ்வப்போது திரும்பி வரும். வந்தால் அதைத் தலையில் கிரீடம்போல வைத்துக்கொண்டு, "மகாராணி திரும்பி வந்துட்டாங்க" என்று நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பாள். அந்த நாட்களில் பெரியவளுக்கு அவள்மேல் உண்மையாகவே பிரியம் இருந்தது. நம்மைவிடக் கொஞ்சம் மட்டமாக வேலை செய்கிறவர்கள்மேல் பிரியமாக இருப்பது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

எல்லாம் டெஸ்டிங் ரூமில் ஒரு இடம் காலியானதில் ஆரம்பித்தது. கண்ணாடிச் சுவர் வைத்த, ஏசி போட்ட அறை அது. முதுகு சாய்கிற நாற்காலி, வெள்ளைக் கோட்டு. முடிந்து வருகிற மோட்டார்களைச் சோதித்துச் சொல்வது மட்டும்தான் வேலை, கட்டைவிரலுக்கு ஓய்வு. ஆனால் புதிதாக மோட்டார் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகிற இடம் என்பதால், கேட்பதும் சொல்வதும் இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்றார்கள். "இங்கிலீஷ்ல கதை எழுத வேணாம்மா," என்றார் சூப்பர்வைசர். "கரண்ட்டு, மேக்னட்டு, மெஷினு, இந்த மூணுலயும் அடிப்படை வார்த்தை புரிஞ்சா போதும். ஷிஃப்ட் முடிஞ்சதும் கேன்டீன்ல கிளாஸ். கடைசியில ஒரு டெஸ்ட்டு. யாரு நல்லா சொல்றாங்களோ அவங்களுக்கு சீட்டு."

அந்த நாற்காலி தனக்குத்தான் என்று பெரியவள் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். அனுபவம் அவளுடையது, வீங்கிய விரலும் அவளுடையது. வேறு யார் இருக்கிறார்கள்?

பாடம் எடுக்க வந்தவர் ஒரு இளம் என்ஜினியர். மெஷினில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கழுத்து டையைச் சட்டைப் பைக்குள் மடித்துச் செருகியிருப்பார். அதனால் அவருக்கு டை சார் என்று பெயர் விழுந்தது. முதல் நாளே இரண்டு காந்தத் துண்டுகளைக் கொண்டு வந்து, போர்டில் ஒரு வாக்கியம் எழுதி வாசித்தார். லைக் போல்ஸ் ரிபெல். ரிபெல் என்றால் தள்ளிவிடுவது என்றார். கேன்டீன் முழுக்க ஒரே குழப்பம்.

"சார், ஒருத்தரை ஒருத்தர் லைக் பண்ணா எதுக்கு சார் தள்ளிவிடணும்?" என்று கேட்டாள் சின்னவள். "நாங்க போன்ல லைக் போட்டா ஒட்டிக்கிட்டுல்ல வருவாங்க!"

டை சார் சிரித்துவிட்டார். இங்கே லைக் என்றால் பிடிக்கும் என்று அர்த்தமில்லை, ஒரே மாதிரி என்று அர்த்தம் என்றார். ஒரே மாதிரியான முனைகள் ஒன்றையொன்று தள்ளும். காந்தத் துண்டுகளைப் பெரியவள் கையில் ஒன்றும் சின்னவள் கையில் ஒன்றுமாகக் கொடுத்து, நெருக்கிப் பிடிக்கச் சொன்னார். இரண்டு துண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு நின்றது. பெரியவள் முழு பலத்தோடு தள்ளிப் பார்த்தாள், ஒட்டவில்லை. சின்னவள் தன் துண்டைச் சட்டென்று திருப்பிப் பிடித்தாள். டப்பென்று இரண்டும் ஒட்டிக்கொண்டு பெரியவளின் விரல் தோலைக் கடித்தன. "நான்தானக்கா திரும்பினேன், நீங்க அப்படியேதான் இருந்தீங்க," என்று சிரித்தாள் சின்னவள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள், விரலைச் சப்பிக்கொண்டே.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் இதே கதைதான். டென்ஷன் என்றால் என்ன என்று டை சார் கேட்டபோது, "வீட்டுல சிலிண்டர் தீந்துபோறது சார்" என்றாள் சின்னவள். கேன்டீனே கொல்லென்று சிரித்து முடித்ததும், "இல்ல சார், கம்பியோட இழுப்பு" என்று சரியான பதிலையும் அவளே சொன்னாள். அந்த இழுப்பை அவளுக்குக் கையைப் பிடித்துக் காட்டியது யார்? பெரியவளுக்கு அந்தச் சொல் நாக்குநுனி வரைக்கும் வந்தது, வருவதற்குள் அது வேறொருத்தியின் வாயிலிருந்து விழுந்துவிட்டது. பெரியவள் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு வார்த்தையைப் பிடித்து உட்காரவைத்தால் முந்தின நாள் உட்காரவைத்தது எழுந்து போய்விடும். சின்னவளோ துணி துவைக்கும்போது ஒரு வார்த்தை, துணி காயப்போடும்போது ஒரு வார்த்தை என்று கொடியில் கிளிப் மாட்டுவதுபோல மாட்டிக்கொண்டே போனாள்.

முன்னே வந்த செவியைப் பின்னே வந்த கொம்பு மறைத்தது என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவன் கட்டாயம் ஒரு மூத்த மருமகளுக்குப் புருஷனாக இருந்திருப்பான். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. ஏதோ பேச்சுக்குச் சொல்வதில்லை, உண்மையிலேயே நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு இடம் காந்தியது. சின்னவள் குனிந்து கோலிக்குண்டை உருட்டி, "இதுதான் ஃப்ரிக்‌ஷன், இதனாலதான் நிக்குது" என்று மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தால் காந்தும். சந்தேகம் வந்தால் மகள் "சித்தி" என்று கூப்பிட்டுக்கொண்டு அடுப்படியைத் தாண்டிப் போகும்போது காந்தும். சின்னவள் "அக்கா, நீங்களும் வாங்க, சேர்ந்து படிக்கலாம்" என்று கூப்பிட்டால் அதிகமாகக் காந்தும். கெட்டவளாக இருந்து தொலைத்தாலாவது நிம்மதியாகத் திட்டலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் சின்னவளுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். கன்னம் ஆப்பிள் மாதிரி வீங்கி வீட்டில் கிடந்தாள். அன்றைய கிளாஸில் ஷாஃப்ட், பேரிங், கியர் எல்லாம் வந்தன. டை சார் ஒரு பழைய மோட்டாரை மேஜைமேல் வைத்து, சுழல்கிற இரும்புத் தண்டை, அதுதான் ஷாஃப்ட், இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். டக் டக் என்று சத்தம் வந்தது. "தேர் இஸ் ப்ளே," என்றார். "வாட் இஸ் ப்ளே?"

"விளையாட்டு சார்," என்றார்கள் நாலைந்து பேர்.

"ஷாஃப்ட் விளையாடுமா? நல்லா யோசிங்க."

பெரியவள் யோசிக்கவே இல்லை. அந்த டக் டக் அவளுக்குத் தெரிந்த சத்தம். பேரிங் தேய்ந்தால் வருவது. பேரிங் போடுகிற ஃபிட்டர் தினமும் நாலு தடவை கத்துகிற வார்த்தை அவள் வாயிலிருந்து தானாக வந்தது. "ஆட்டம் சார். ஷாஃப்ட்ல ஆட்டம் இருக்கு."

டை சார் அவளையே பார்த்தார். "கரெக்ட்! பாருங்க, இங்கிலீஷ்ல ப்ளேன்னா விளையாட்டும்தான், இந்த அசைவும்தான். தமிழ்லயும் ஆட்டம்னா ரெண்டும்தான். இதைவிட நல்லா யாரும் சொல்ல முடியாது." எல்லோரையும் கைதட்டச் சொன்னார். பெரியவளின் காது மடல்கள் சூடாயின. அத்தனை நாளில் அவளுக்கென்று கிடைத்த ஒரே வார்த்தை அது. சின்னவள் அங்கே இல்லை என்று முதலில் வருத்தமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது அந்த வருத்தம் மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியது.

வீட்டில் கன்னத்தைப் பிடித்தபடி சின்னவள் காத்திருந்தாள். "இன்னிக்கு என்னக்கா சொல்லிக் குடுத்தாங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க, ப்ளீஸ்." பஞ்சை வாயில் அடக்கிக்கொண்டிருந்ததால் ப்ளீஸ் என்பது பிளீப் என்று வந்தது.

பெரியவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஷாஃப்ட் சரியாகச் சொன்னாள். பேரிங், கியர், லூஸ், டைட் எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். தான் ஒரு பத்தரைமாற்று அக்கா என்று அவளுக்கே அப்போது தோன்றியது. கடைசியாக, "ப்ளேன்னு ஒண்ணு" என்றாள்.

"ப்ளேன்னா விளையாட்டுதானே? மோட்டார்ல என்னக்கா விளையாட்டு?"

அடுப்பில் ஏதோ பொங்குகிற மாதிரி இருந்தது. பெரியவள் எழுந்து போய்ப் பார்த்தாள், ஒன்றும் பொங்கவில்லை. திரும்பாமலே சொன்னாள். "ஷாஃப்ட்டு தடையில்லாம லேசா சுத்துதுல்ல, அதுக்குப் பேருதான் ப்ளே. ப்ளே இருந்தா நல்ல மோட்டாரு."

"அட, சுலபமா இருக்கே," என்று எழுதிக்கொண்டாள் சின்னவள்.

ஒரே ஒரு வார்த்தை. நூறு வார்த்தை தெரிந்தவளுக்கு ஒன்று தப்பிப்போனால் குடியா முழுகிவிடும்? அது டெஸ்ட்டில் வராமலேகூடப் போகலாம். இப்படியெல்லாம் பெரியவள் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்தாள். வக்கீல் நன்றாகத்தான் பேசினார், தூக்கம்தான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கவே பிடிக்காமல் அம்மா வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது அடுப்படியில் மாவுப்பசை கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. இன்னும் எதற்குத்தான் பெயர் வைத்தாளோ என்று எரிச்சல் வந்தது. தேடிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டெஸ்ட். டெஸ்டிங் ரூமுக்கு வெளியே பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பெரியவள் முதலில் போனாள். உள்ளே குளிர்ந்தது. சூப்பர்வைசரும் டை சாரும் இன்னொரு பெரிய மனிதரும் இருந்தார்கள். கரண்ட் பற்றிக் கேட்டதில் தடுமாறினாள், மேக்னட்டில் ஒருமாதிரி ஒப்பேற்றினாள். பிறகு டை சார் ஒரு மோட்டாரை அவள்முன் நகர்த்தினார். "இஸ் தேர் ப்ளே?"

வீங்கிய கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஷாஃப்டைப் பிடித்து அசைத்தாள். டக். டக். "எஸ் சார். லிட்டில் ப்ளே. பேரிங் லூஸ். சேஞ்ச் பேரிங்."

பெரிய மனிதர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். சூப்பர்வைசரின் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

வெளியே வந்தபோது அடுத்ததாகச் சின்னவள் எழுந்து நின்றிருந்தாள். வீக்கம் வடிந்து முகம் பழையபடி ஆகியிருந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டே, பெரியவளின் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, ப்ளேன்னா லேசா சுத்தறதுதானே? ஒரு தடவை சொல்லுங்க. மறந்துடுமோன்னு இருக்கு."

பெஞ்சில் இருந்தவர்கள் தங்கள் துண்டுக் காகிதங்களில் மூழ்கியிருந்தார்கள். கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. இல்லடி, அது ஆட்டம், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பெரியவள் அந்த மூச்சை இழுத்தாள்கூட. கண்ணாடிக்குப் பின்னால் அந்த நாற்காலி தெரிந்தது.

"ஆமா," என்றாள்.

"சரிக்கா," என்றாள் சின்னவள். முந்தானை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு முழுதாகச் சாத்தவில்லை. கேள்விகளும் பதில்களும் கண்ணாடி வளையல் குலுங்குகிற மாதிரி தடையில்லாமல் வந்துகொண்டிருந்தன. பிறகு ஷாஃப்ட் அசைகிற சத்தம். டக். டக். அதற்கப்புறம் ஒரு அமைதி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக. "எஸ் சார்," என்றது சின்னவளின் குரல். "குட் ப்ளே சார். வெரிகுட் மோட்டார்." உள்ளே சிரிப்பு வெடித்தது. பெரிய மனிதரும் சிரித்தார். சோதித்துச் சொல்ல வேண்டிய இடத்துக்கு, கெட்டுப்போன மோட்டாரை நல்ல மோட்டார் என்கிற ஆளை வைத்துக்கொள்ள முடியுமா? மறுநாள் நோட்டீஸ் போர்டில் பெரியவளின் பெயர் ஒட்டப்பட்டது.

வெள்ளைக் கோட்டு தோளில் கொஞ்சம் பெரியதாக இருந்தது. சின்னவளே உட்கார்ந்து பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். "நல்லாச் சொன்னீங்களாமே அக்கா, டை சார் சொல்லிச் சொல்லி மாளல," என்றாள் வாயில் ஊசியைக் கடித்தபடி. அவள் முகத்தில் பெரியவள் எதையோ தேடினாள். ஒரு சுளிப்பு, ஒரு கண் கலங்கல், ஏதாவது ஒன்று இருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, "எங்க, போட்டுக் காட்டுங்க" என்றாள் சின்னவள்.

நாற்காலி நினைத்த மாதிரியே முதுகுக்கு இதமாக இருந்தது. வேலையும் பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு மோட்டாராக வரும், கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஷாஃப்டை ஆட்டிப் பார்க்க வேண்டும். ப்ளே உண்டு, ப்ளே இல்லை. கட்டைவிரல் வீக்கம் வடிய ஆரம்பித்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், அவள் பழைய இடத்தில் சின்னவள் உட்கார்ந்து காயில் கட்டுவது தெரியும். திரும்பி வந்த மோட்டாரை ஒருநாள் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். சுற்றி இருந்தவர்கள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கண்ணாடி தடிமன், ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. அந்த வாய்களெல்லாம் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவளுக்கு, அதே பழைய இடத்தில், நெஞ்சுக்குழிக்குக் கீழே, காந்தியது. ஜெயித்த பிறகு எதற்குக் காந்துகிறது என்று அவளுக்கே கோபம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பரண்மேல் இருந்த பெரிய பாத்திரத்தை எடுக்க அடுப்படி ஸ்டூலை இழுத்தாள். ஒரு கால் குட்டையான ஸ்டூல், எப்போதும் ஆடும். சுவரோரமாகத் தூக்கிப் போட்டபோது தலைகீழாகக் கவிழ்ந்தது. உட்காரும் பலகையின் அடிப்பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அதே மணிமணியான எழுத்து. பி, எல், ஏ, ஒய். இந்த வார்த்தையை எழுத்துக்கூட்ட வேண்டிய அவசியம் இப்போது அவளுக்கு இல்லை.

டெஸ்ட் முடிந்தபிறகு சின்னவள் தெரிந்துகொண்டு ஒட்டியிருப்பாள் என்று நினைத்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்று மகளிடம் கேட்டாள்.

"அதுவா? நீ ஆச்சி வீட்டுக்குப் போனேல்ல, அன்னிக்கு," என்றாள் மகள். "நான்தான் பசை தடவினேன். இந்த ஸ்டூல் ஆடுதுல்ல, அந்த ஆட்டத்துக்குப் பேருதான் ப்ளேன்னு சித்தி சொன்னாங்க. மேல ஒட்டினா தேஞ்சுபோயிடும்னு கீழ ஒட்டினோம்."

"அன்னிக்கா? டெஸ்ட்டுக்கு முன்னாடியா?"

"ஆமாம்மா. மறுநாள்தானே டெஸ்ட்டு." மகளின் முகம் திடீரென்று மலர்ந்தது. "ஏம்மா, கிளாஸ்ல யாருக்குமே தெரியாதப்ப நீதான் ஆட்டம்னு கரெக்டா சொன்னியாமே! எல்லாரும் கை தட்டினாங்களாமே! கூட வேலை பாக்கற ஒரு அத்தை அன்னிக்குதான் சித்திக்கு போன் பண்ணிச் சொன்னாங்க. உங்கம்மா எவ்வளவு பெரிய ஆளு பாத்தியான்னு சித்தி எங்கிட்ட சொன்னாங்க. நீ ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

பெரியவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். வார்த்தையும் தெரியும், அந்த வார்த்தையை யார் எப்படி மாற்றிச் சொன்னாள் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் திங்கட்கிழமை காலையில் கண்ணைப் பார்த்து, ஒரு தடவை சொல்லுங்க என்று கேட்டிருக்கிறாள். அவள் மறந்துவிடுவாளாம்! ஆமா என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அதை அப்படியே கொண்டுபோய் உள்ளே ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறாள். இந்த வீங்கிய விரலைப் பார்த்து விட்டுக் கொடுத்தாளா? இல்லை, இந்தா பொறுக்கிக்கொள் என்று வீசினாளா? எதுவாக இருந்தாலும் பெரியவளால் தாங்க முடியவில்லை. இரக்கமாக இருந்தால் இன்னும் மோசம். இத்தனை ஆசைப்பட்ட ஒன்றை இப்படி ஒருத்தியால் சிரித்துக்கொண்டே கைநழுவ விட முடிகிறதே என்று, அதன்மேலும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கம் பின்னால்தான் வந்தது.

பின்வாசலில் சின்னவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். பெரியவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போனாள். கேட்க வந்தது ஒன்று. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"இந்த ஸ்டூல்ல ஆட்டம் இருக்கு."

சின்னவள் பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். ஒரு கிளிப்பை மாட்டினாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

"ரொம்ப நாளா இருக்குக்கா," என்றாள். "நீங்க இப்பதான் பாக்கறீங்களா?"

குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. அடுத்த துணியை எடுக்கக் குனிந்துவிட்டாள்.

பெரியவள் ஸ்டூலை வாசல்படிக்கு உள்ளே நேராக வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்துச் செருகினால் போதும், ஆட்டம் நின்றுவிடும். அட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. வெளியே கொடியில் ஒவ்வொரு துணியாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் உடம்பை மெல்ல இந்தப் பக்கம் சாய்த்தாள், பிறகு அந்தப் பக்கம். டக். டக்.